தரவு நிலையக் கேபிள்களில் மிச்சமாகும் மின்சாரம்: அளந்த பிறகு கணக்குச் சொல்வோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தின் குளிரைப் பயன்படுத்தி இங்கே தரவு நிலையங்களை, அதாவது மற்றக் கணினிகளுக்குத் தரவு கொடுக்கும் சேர்வர் கணினிகளை அடுக்கி இயக்கும் கட்டடங்களை, அமைக்கலாம், அதனால் நம் பிள்ளைகளுக்குத் தொழில் கிடைக்கும் என்று உங்கள் வாசகர் பக்கத்தில் அன்பர் ஒருவர் அண்மையில் எழுதியிருந்தார். அவருடைய விருப்பம் என்னுடையதும்தான். எனினும், புதிய வகைக் கேபிள்களைப் போட்டாலே இத்தகைய நிலையங்களின் மின்சாரச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும் என்றும், அந்தக் கேபிள்களுக்கு நம் நாட்டில் பெரும் சந்தை இருக்கிறது என்றும் ஏதோ ஒரு விற்பனைப் பிரசுரத்தின் வாசகம் அந்தக் கடிதத்தில் அப்படியே எடுத்தாளப்பட்டிருந்தது. ஹட்டனில் இருந்துகொண்டு, நுவரெலியா முதல் பதுளை வரை வங்கிகள், வைத்தியசாலைகள், பெருந்தோட்டக் கம்பனி அலுவலகங்கள் ஆகியவற்றின் சேர்வர் அறைகளில் 22 ஆண்டுகளாக வயரிங் வேலை செய்துவருபவன் நான். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை. கேபிளில் மிச்சம் பிடிக்க இடமிருக்கிறது என்பது உண்மை. அந்த மிச்சம் பிரசுரம் சொல்லும் அளவில் இல்லை. பிரசுரம் காட்டும் இடத்திலும் இல்லை.

சேர்வர் அறையில் கேபிள்கள் இரண்டு வகைப்படும். மின்மாற்றியிலிருந்து, மின்தடையின்போது பற்றரியால் மின்சாரம் கொடுக்கும் யூ.பி.எஸ்.சுக்கும், அங்கிருந்து பகிர்வுப் பெட்டிக்கும், பிறகு சேர்வர்களை அடுக்கும் சட்டமான ஒவ்வொரு ரேக்குக்கும் மின்சாரத்தைக் கொண்டுபோகும் தடித்த கேபிள்கள் ஒரு வகை. சேர்வர்களுக்கிடையே தரவைக் கொண்டுபோகும் வலையமைப்புக் கேபிள்கள் மற்ற வகை. இரண்டிலும் மின்சாரம் வீணாகும் விதம் வேறு என்பதால் மிச்சம் பிடிக்கும் வழியும் வேறாகிறது. இரண்டையும் ஒரே சதவீதத்துக்குள் அடைத்துச் சொல்பவரிடம் அந்தச் சதவீதம் எப்படி வந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

முதலில் தடித்த கேபிள்களைப் பார்ப்போம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைக் கேபிளின் தடையால் பெருக்கினால் எத்தனை வாட் வெப்பமாகப் போகிறது என்பது தெரிந்துவிடும். சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். நம் கடைகளில் 7/0.67 என்று கேட்டு வாங்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிளின் தடை, 20 பாகை செல்சியஸில், கிலோமீற்றருக்கு 7.41 ஓம். பகிர்வுப் பெட்டியிலிருந்து ரேக் 30 மீற்றர் தூரத்தில் இருந்தால் போகவும் வரவுமாக 60 மீற்றர் ஆகிறது. அதன் தடை 0.44 ஓம். அதில் 16 அம்பியர் இடைவிடாமல் ஓடினால் 114 வாட் அந்தக் கேபிளிலேயே சூடாகிப் போய்விடும். அதே இடத்தில் 7/1.04 எனப்படும் 6 சதுர மில்லிமீற்றர் கேபிளைப் போட்டால் தடை கிலோமீற்றருக்கு 3.08 ஓமாகக் குறைந்து, இழப்பு 47 வாட்டுக்கு இறங்கிவிடும். சேர்வர் அறைக்கு ஞாயிறும் இல்லை, போயா விடுமுறையும் இல்லை என்பதால், ஆண்டின் 8,760 மணித்தியாலங்களுக்கும் இந்த வித்தியாசத்தைப் பெருக்கினால், ஒரேயொரு சுற்றில் 580 அலகுக்கு மேல் மிச்சம் என்று வருகிறது. பிரசுரங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிட்டு, இதை ரேக்குகளின் எண்ணிக்கையால் பெருக்கத் தொடங்கிவிடுகின்றன.

நான் அங்கே நிறுத்த மாட்டேன், ஏனெனில் 16 அம்பியர் முழுவதும் இடைவிடாமல் ஓடும் சுற்றை இந்தப் பக்கத்துச் சேர்வர் அறை எதிலும் நான் கண்டதில்லை. கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீற்றரை மாட்டிப் பார்த்தால் ஐந்து, ஆறு, எப்போதாவது எட்டு அம்பியர் காட்டும். ஒன்று பழுதானாலும் மற்றது தாங்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு ரேக்குக்கும் இரண்டு வழியில் மின்சாரம் கொடுப்பது வழமை. ஆகவே ஒவ்வொரு வழியிலும் பாதிச் சுமைதான் ஓடும். 6 அம்பியர் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் 2.5 சதுர மில்லிமீற்றர் கேபிளில் 16 வாட்டும், 6 சதுர மில்லிமீற்றர் கேபிளில் 7 வாட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் இழப்பு வருகிறது. ஆண்டு மிச்சம் 82 அலகு. வர்க்கம் என்பதால் மின்னோட்டம் குறைந்ததைவிட இழப்பு பல மடங்கு குறைகிறது. 580 என்று சொன்ன இடத்தில் அதில் ஏழில் ஒரு பங்குதான் நிற்கிறது. கேபிள் கட்டாகக் கிடந்து சூடேறினால் அந்த 82 கொஞ்சம் கூடும். செம்பின் வெப்பம் ஒவ்வொரு பாகையும் ஏற, அதன் தடை 0.4 சதவீதம் அளவில் ஏறும். 50 பாகையில் 12 சதவீதம் கூடுதல் என்று சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்த்தாலும், அந்தச் சுற்றில் ஓடும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஒன்றைக்கூட மிச்சம் தொடவில்லை. முழு இழப்பே நூற்றுக்கு ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்றாக இருக்கும்போது, அந்தக் கேபிளை மாற்றுவதால் நூற்றுக்கு இருபது எங்கிருந்து மிச்சமாகும் என்பதே நான் அன்பரிடம் கேட்க விரும்பும் கேள்வி.

பிரசுரங்கள் எந்த நாட்டுக்காக எழுதப்பட்டவை என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் 120 வோல்ட் சுற்றை வைத்துப் போட்ட கணக்கை நமது 230 வோல்ட் சுற்றுக்குக் கொண்டுவர முடியாது. அதே வாட் அளவுக்கு நம்மிடம் ஓடும் மின்னோட்டம் அங்கே ஓடுவதில் ஏறத்தாழ பாதிதான். ஆகவே அதே கேபிளில் இழப்பு கால் பங்குக்குச் சற்றே கூடுதலாக மட்டும் இருக்கும். வெளிநாட்டுப் பெரும் நிலையங்கள் கேபிளைத் தடிப்பாக்குவதைவிட வோல்ட் அளவை உயர்த்துவதில் கவனம் செலுத்துவதற்கும் காரணம் இதுவே. கூகுள் நிறுவனம் 2016 இல் 48 வோல்ட் ரேக் வடிவமைப்பை வெளியுலகுக்குக் கொண்டுவந்தது. அதுவரை பரவலாக இருந்த 12 வோல்ட்டோடு ஒப்பிட்டால் மின்னோட்டம் நான்கில் ஒன்று. அதே செம்பில் இழப்பு பதினாறில் ஒன்று. 2025 இல் கணினிச் சில்லுகளை வடிவமைக்கும் என்விடியா நிறுவனம் 800 வோல்ட் நேர்மின்னோட்டத்தை நோக்கிப் போவதாக அறிவித்ததற்கும் அடிப்படை இந்த வர்க்கக் கணக்குத்தான்.

இவ்வளவும் சொன்னதால் தடித்த கேபிள் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. 2.5 க்குப் பதில் 6 சதுர மில்லிமீற்றர் போடுவதால், மேலே சொன்ன 60 மீற்றருக்குக் கூடுதலாகச் செலவாகும் செம்பு 1.9 கிலோகிராமுக்கு மேல் இல்லை. 2024 இல் உலகச் சந்தையில் செம்பு தொன்னுக்கு ஏறத்தாழ 9,000 டொலர் விலை போனது. அந்தக் கணக்கில் அது 17 டொலர் செம்பு. கடை விலை அதைவிடக் கூடும். ஆனாலும் கேபிள் கால் நூற்றாண்டுக்கு மேல் உழைக்கும். சேர்வர் பெட்டிகளோ நான்கைந்து ஆண்டுகளில் மாறிவிடும். எந்த அளவு கேபிள் போட்டால் மொத்தச் செலவு மிகக் குறைவாக இருக்கும் என்பதற்குக் கெல்வின் பிரபு 1881 இலேயே விதி சொல்லியிருக்கிறார்; கேபிளுக்காகப் போட்ட பணத்தின் ஆண்டுச் சுமையும் இழக்கும் மின்சாரத்தின் ஆண்டு விலையும் சமமாகும் அளவே சிக்கனமான அளவு. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் 60287 ஆம் தர நியமத்தில் இதற்கென்று ஒரு தனிப் பகுதியே இருக்கிறது. நம் நாட்டில் கேபிள் தெரிவு செய்யும்போது, சூடாகி உருகாதா, முனையில் வோல்ட் குறையாதா என்ற இரண்டையும் பார்த்துவிட்டு, அதற்கு மேல் எதையும் பார்க்காமல் ஆகக் குறைந்த அளவை எடுத்துவிடுகிறோம். மின்கட்டணம் 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் அடுத்தடுத்து ஏறிய பிறகாவது இந்தப் பழக்கத்தை நாம் மாற்றியிருக்க வேண்டும்.

இப்போது குளிரூட்டல். கேபிளில் பிறக்கும் வெப்பத்தையும் ஏசிதான் வெளியேற்ற வேண்டும். மூன்று வாட் வெப்பத்தை வெளியேற்ற ஏசிக்கு ஒரு வாட் தேவை என்று வைத்தால், கேபிளில் மிச்சமாகும் ஒவ்வொரு வாட்டும் உண்மையில் ஒன்றேகால் வாட்டுக்கும் சற்றுக் கூடுதலான மிச்சமாகும். கொழும்பில் இது சரி. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. சேர்வர்களுக்குள் போகும் காற்று 18 முதல் 27 பாகை வரை இருக்கலாம் என்று ஆஷ்ரே எனப்படும் அமெரிக்கப் பொறியியலாளர் சங்கம் பரிந்துரைக்கிறது. ஆகவே இங்கே மூடுபனியின் ஈரத்தைக் கட்டுப்படுத்த வழி செய்துவிட்டால், ஆண்டின் பெரும்பகுதிக்கு வெளிக்காற்றையும் மின்விசிறியையும் கொண்டே அறையைக் குளிராக வைத்திருக்கலாம். அப்படிச் செய்தால் கேபிளில் மிச்சமாகும் ஒரு வாட்டுக்கு ஏசியில் கிடைக்கும் கூடுதல் மிச்சம் இங்கே மிகச் சிறியதாகிவிடும். மலையகத்தின் குளிரையும் கேபிளின் மிச்சத்தையும் ஒன்றோடொன்று கூட்டிக் காட்டுபவர்கள் ஒரே மிச்சத்தை இரண்டு தடவை எண்ணுகிறார்கள்.

இதுவரை சொன்னது செம்புக்குள் நடப்பது. கேபிளால் வரும் பெரிய இழப்பு செம்புக்கு வெளியே நடப்பதை நான் என் கைகளாலேயே கண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், மலைநாட்டு நகரம் ஒன்றில் ஒரு நிறுவனத்தின் சேர்வர் அறைக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஏசியை 17 பாகையில் வைத்தும் கடைசி வரிசை ரேக்கில் வெப்ப எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, இன்னொரு ஏசி பூட்ட வேண்டும், அதற்கு வயர் இழுக்க என்ன செலவாகும் என்பது அவர்களுடைய கேள்வி. அது தளத்துக்கடியில் குளிர்காற்று ஓடும் வகை அறை. உறிஞ்சுபிடியால் ஒரு தளப் பலகையைத் தூக்கினேன். கொழுந்துச் சாக்கை அமுக்கிக் கட்டியதுபோல் கீழே கேபிள். நீலம், சாம்பல், மஞ்சள் என்று பத்துப் பதினைந்து ஆண்டுகளின் கேபிள்கள். ஒவ்வொரு முறை சேர்வரை மாற்றும்போதும் பழையதை வெட்டி அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் புதியதை இழுத்திருக்கிறார்கள். ஒரு கேபிளைப் பிடித்து இழுத்தேன். நான்கு மீற்றர் வந்தபின் வெட்டிய முனை கையில் வந்தது. ஏசியின் காற்று அந்தக் குவியலில் முட்டி, முன் வரிசையோடு நின்றுவிட்டது. கேபிள் மேலேறும் துவாரங்களையும் யாரும் அடைக்கவில்லை. போன காற்றில் ஒரு பகுதி ரேக்குக்குப் பின்னால், வெப்பக்காற்று வெளியேறும் பக்கத்தில் வீணாகக் கசிந்தது.

நானும் என் உதவியாளரும் இரண்டு இரவுகள் இருந்து உயிரற்ற கேபிள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து வெளியே எடுத்தோம். ஒரு பட்டா லொறி நிறைந்தது. துவாரங்களைத் தூரிகை அடைப்பான்களால் மூடினோம். பின்பு ஒரு காகிதத் துண்டைக் கிழித்து, கடைசி வரிசையின் காற்றுத் துளைப் பலகைக்கு மேலே பிடித்தேன். முதல் நாள் தொங்கிக்கொண்டிருந்த காகிதம் அன்று நிமிர்ந்து படபடத்தது. ஏசியை 22 பாகைக்கு உயர்த்தியும் மணி அடிக்கவில்லை. புதிய ஏசி வாங்கவும் தேவைப்படவில்லை. அங்கிருந்த பெரியவர், "தம்பி, இதால மாசத்துக்கு எவ்வளவு மிச்சம் வரும்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த அறைக்கென்று தனி மீற்றர் இல்லை. முழுக் கட்டடத்துக்கும் ஒரே பட்டியல். கண்ணால் கண்ட மிச்சத்தை எண்ணால் சொல்ல முடியாமல் நான் நின்றது இன்றும் என்னை உறுத்துகிறது. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதும் அந்த உறுத்தல்தான்.

வலையமைப்புக் கேபிள்களில் கணக்கு வேறு மாதிரி. அங்கே மின்சாரம் கேபிளுக்குள் போவதைவிட, கேபிளின் இரு முனைகளிலும் உள்ள மின்னணுச் சுற்றுகளில்தான் அதிகம் போகிறது. முறுக்கிய செப்புக் கேபிளில் வினாடிக்கு 10 கிகாபிட் அனுப்பும் தர நியமம் 2006 இல் வந்தது. நூறு மீற்றர் தூரத்துக்குச் சமிக்ஞையைச் சுத்தமாகக் கொண்டுபோக ஒவ்வொரு முனையிலும் சில வாட் செலவாகும். ஒரே ரேக்குக்குள் இரண்டு மூன்று மீற்றர் தூரத்துக்கு, இரு முனையிலும் இணைப்பி பொருத்தி வரும் நேரடிச் செப்புக் கேபிளைப் போட்டால் ஒரு முனைக்கு 0.1 வாட் அளவே போதும். ஒரு முனைக்கு 2 வாட் மிச்சம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; 48 இணைப்புகள், இரு முனைகள், மொத்தம் 192 வாட். ஆண்டுக்கு 1,680 அலகு. மேலே சொன்ன தடித்த கேபிள் மாற்றத்தை இருபது சுற்றுகளில் செய்தால் கிடைக்கும் மிச்சத்தை, சேர்வர்களை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்புச் சுவிட்ச் ஒன்றோடு சேர்ந்த இந்தக் குட்டைக் கேபிள்களே கொடுத்துவிடுகின்றன. பெரிய அளவிலும் இப்படித்தான். 2024 மார்ச்சில் என்விடியா அறிமுகப்படுத்திய 72 செயலிகள் கொண்ட ரேக்கில் 5,000 செப்புக் கேபிள்கள், ஏறத்தாழ இரண்டு மைல் நீளத்துக்கு இருக்கின்றன. ஒளியிழைக்குப் போயிருந்தால் அதன் மாற்றிகளுக்கு மட்டும் 20 கிலோவாட் தேவைப்பட்டிருக்கும் என்று அந்நிறுவனத் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையிலேயே சொன்னார். அந்த ரேக்கின் முழுச் சுமை 120 கிலோவாட். அன்பர் சொன்ன ஐந்தில் ஒன்றுக்கு அருகில் வரும் எண் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதுவும் அத்தகைய ரேக்குக்கு மட்டுமே பொருந்தும். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உள்ள வங்கிக் கிளையின் அறைக்கு அதைக் கொண்டுவர முடியாது.

இதே இடத்தில் ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். செம்பு பூசிய அலுமினியக் கம்பி கொண்ட வலையமைப்புக் கேபிள், தூய செம்பு என்ற பெயரில் நம் ஊர்க் கடைகளுக்கு வருகிறது. ஒரு பாடசாலைக் கணினிக்கூட வேலைக்காக நான் வாங்கிய பெட்டி ஒன்றைத் தூக்கும்போதே 305 மீற்றருக்குரிய பாரம் அதில் இல்லை என்று தோள் சொன்னது. கம்பியின் முனையைப் பிளேடால் சுரண்டினேன். மேல் தோல் செம்பு நிறத்தில் உரிய, உள்ளே வெள்ளி நிறத்தில் அலுமினியம் பளபளத்தது. விற்றவர் பெட்டியைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். என் சொந்தப் பணத்தில் வேறு பெட்டி வாங்கி வேலையை முடித்தேன். இத்தகைய கம்பியின் தடை செம்பைவிட ஒன்றரை மடங்கு. தரவு மட்டும் போகும்போது இந்தக் குறை உடனே தெரியாது. கமராவுக்கும் வைஃபை கருவிக்கும் மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்பும்போது தெரியும். 2018 இல் வந்த தர நியமத்தின்படி, நூறு மீற்றர் தூய செப்புக் கேபிளிலேயே, அனுப்பும் 90 வாட்டில் மறுமுனைக்கு உறுதியாகக் கிடைப்பது 71.3 வாட்தான். மீதி வழியிலேயே வெப்பமாகிவிடலாம் என்று நியமமே ஒப்புக்கொள்கிறது. இந்த நிலையில் அலுமினியக் கம்பியைப் போட்டுக் கட்டாகக் கட்டினால், மின் விரயத்தோடு தீ அபாயமும் சேர்ந்துவிடுகிறது. அந்தப் பாடசாலையில் படிப்பவர்கள் நம் தோட்டத்துப் பிள்ளைகள்.

இனிச் சந்தையைப் பற்றி. சர்வதேச எரிசக்தி முகவரகத்தின் மதிப்பீட்டின்படி, 2024 இல் உலகத் தரவு நிலையங்கள் எடுத்த மின்சாரம் 415 டெராவாட் மணி, அதாவது 41,500 கோடி அலகு. உலக மின் நுகர்வில் ஒன்றரை சதவீதம். 2030 இல் அது 94,500 கோடி அலகாகும் என்றும் அது எதிர்பார்க்கிறது. இலங்கை முழுவதும் ஓராண்டில் உற்பத்தியாவது ஏறத்தாழ 1,600 கோடி அலகு. உலக நிலையங்களில் கேபிளால் நூற்றுக்கு ஒன்று மிச்சமானாலும் அது நம் நாட்டு உற்பத்தியில் கால் பங்கு என்று எழுதிவிடலாம். எழுதினால் படிப்பதற்கு நன்றாகவும் இருக்கும். அந்தப் பெருக்கலில் எத்தனை நிலையங்கள் ஏற்கெனவே நல்ல கேபிள் போட்டவை, எத்தனை இடத்தில் தளத்தைத் திறக்கவே விடமாட்டார்கள், எத்தனை இடத்தில் சுமை பாதிக்கும் கீழே என்பதெல்லாம் காணாமல் போய்விடுகின்றன. தொழில்நுட்பத்தால் இயலும் மிச்சம் ஒன்று; அதில் போட்ட பணம் திரும்பி வரும் மிச்சம் அதைவிடச் சிறியது; மனிதர்கள் உண்மையில் செய்து முடிக்கும் மிச்சம் அதைவிடவும் சிறியது. இந்த மூன்றாவதைத்தான் சந்தை என்று சொல்ல வேண்டும்.

அது ஏன் இவ்வளவு சுருங்குகிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கேபிளை வாங்குபவர் ஒப்பந்தக்காரர்; மின்கட்டணம் கட்டுபவர் வேறொருவர். கேள்விப்பத்திரத்தில் ஆகக் குறைந்த விலை குறிப்பிடுபவருக்கே வேலை கிடைக்கும் என்றால், 6 சதுர மில்லிமீற்றருக்கு விலை போட்டவர் தோற்றுவிடுவார். நானே அப்படிப் பலமுறை தோற்றிருக்கிறேன். இயங்கிக்கொண்டிருக்கும் அறையில் கேபிளை மாற்றுவதற்குச் சேவையை நிறுத்த வேண்டும். அதற்கு எந்த முகாமையாளரும் இலகுவில் சம்மதிக்க மாட்டார். ஆகவே தடித்த கேபிளுக்கான வாய்ப்பு அறை கட்டும்போது ஒருமுறை வரும். அதை விட்டால் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டும். முனையிலுள்ள சுவிட்சும் குட்டைக் கேபிளும் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாறுவதால் அங்கே வாய்ப்பு திரும்பத் திரும்ப வரும். உயிரற்ற கேபிளை அகற்றும் வேலைக்கோ காத்திருக்கவே தேவையில்லை. அதற்குப் புதிய பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பதால்தான் அதை விற்க யாரும் வருவதில்லை.

மலையகத்தில் பெரிய தரவு நிலையம் வரலாம், வராமலும் போகலாம். பிரதேச செயலகங்கள், ஆதார வைத்தியசாலைகள், வங்கிக் கிளைகள், தோட்டக் கம்பனி அலுவலகங்கள், கல்லூரிகள் என்று சிறிய அறைகள் இப்போதே இருக்கின்றன. அவை எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை சுற்று, அதில் எத்தனை அம்பியர் என்று எண்ணினால் கிடைப்பதே நம் பகுதியின் உண்மையான சந்தை. அதை எண்ணும் வேலையைக்கூடத் தொழிற்பயிற்சி பெறும் நம் இளைஞர்களிடம் கொடுக்கலாம். ஒரு கிளாம்ப் மீற்றரும் ஒரு குறிப்பேடும் போதும். கேபிளை நேர்த்தியாக இழுக்கவும், முனை கட்டவும், சோதனைக் கருவியால் அளந்து அறிக்கை கொடுக்கவும் தெரிந்த பிள்ளைக்குக் கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் வேலை இருக்கிறது. என்னிடம் பழகியவர்களில் நால்வர் அப்படிப் போயிருக்கிறார்கள்.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்று சிலர் கேட்கலாம். லக்ஷபான நீர்மின் நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. இந்த மலைகளின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்க முடியும் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இலேயே எழுதிவைத்தார். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களும், 2012 இல் தலவாக்கலையில் வந்த 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டமும் நம் பள்ளத்தாக்குகளில் நிற்கின்றன. நான் பிறந்த லயத்தின் கூரைக்கு மேலால் உயர்அழுத்தக் கம்பிகள் கொழும்பை நோக்கிப் போயின. கீழே நான் குப்பி விளக்கில் படித்தேன். அந்தக் கம்பியில் போன மின்சாரம், யாரோ ஒருவருடைய தளத்துக்கடியில் குப்பையாகக் கிடக்கும் கேபிளால் வீணாவதைப் பார்க்கும்போது எனக்குத் தாங்க முடிவதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும் நிலைபெறுதகு வலு அதிகாரசபையும், அரச நிறுவனங்களின் சேர்வர் அறைகளுக்குத் தனி மீற்றர் பூட்டுவதைக் கட்டாயமாக்க முன்வர வேண்டும். அரச கேள்விப்பத்திரங்களில், கேபிள் விலையோடு அது பத்து ஆண்டுகளில் இழக்கும் மின்சாரத்தின் விலையையும், அளந்த மின்னோட்டத்தை வைத்துக் கூட்டி ஒப்பிட வேண்டும். பழைய சேர்வரை அகற்றும் ஒப்பந்தக்காரர் பழைய கேபிளையும் அகற்றினாலன்றிக் கடைசித் தவணைப் பணம் கொடுக்கக்கூடாது. வலையமைப்புக் கேபிள் பெட்டிகள் நாட்டுக்குள் வரும்போதே கம்பியின் உலோகத்தைச் சோதிக்க வேண்டும். உங்கள் பத்திரிகையும், மிச்சம் இத்தனை சதவீதம் என்று யார் எழுதி அனுப்பினாலும், எத்தனை அம்பியருக்கு, எத்தனை மீற்றருக்கு, எத்தனை மணித்தியாலத்துக்கு என்று கேட்டு வாங்கிய பிறகு பிரசுரிக்குமாறு பணிவன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

முன்பு கடிதம் எழுதிய அன்பருக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் பாடசாலையோ வைத்தியசாலையோ தன் சேர்வர் அறையை அளந்து பார்க்க விரும்பினால், கூலி எதுவும் வாங்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அளந்து கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஆசிரியர் பீடத்தின் ஊடாக அறிவித்தால் போதும். முதலில் ஒரு மாதத்துக்கு அறையின் மீற்றர் அளவை எழுதிவைத்திருக்கச் சொல்லுங்கள், தளத்தைத் திறப்பதற்கு முன்.

இங்ஙனம்,
மின்னிணைப்புத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்,
ஹட்டன்.